கயாக்கைக் காரின் தலையில் கட்டிய 6 வருடம்

கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு வைத்திருப்பவனிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "கவுந்துறாதா?" என்பதுதான். இந்த 6 வருடத்தில் தண்ணீரில் நான் கவிழ்ந்தது 4 தடவை. நான்கிலும் நனைந்ததோடு சரி. நெஞ்சு படபடத்த சம்பவங்கள் எல்லாம் காரின் மேல் நடந்தவை, இல்லையென்றால் காருக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற அந்த 200 மீட்டரில் நடந்தவை. அதிலும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வீடு திரும்பும்போது நடந்தது. காலையில் கட்டுகிறவன் தூங்கி எழுந்தவன், ஆசையோடு கட்டுவான். சாயங்காலம் கட்டுகிறவனுக்குக் கை வலி, பசி, ஈர உடை, இருட்டு. ஒரே ஆள்தான், ஆனால் முடிச்சு ஒரே முடிச்சு இல்லை.

என்னுடையது 12 அடி நீளம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உடம்பு, எடை 27 கிலோ. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான். கண்ணாடியிழைப் படகு வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலைகள் உண்டு.

முதல் நாலு மாதம் கார் கூரையில் நேரடியாக வைக்கும் நுரைக் கட்டைகளில் ஓட்டினேன். கூரைக்குக் குறுக்கே கம்பிகள் மாட்டும் ரேக் வேண்டாம், செலவு குறைவு, வேலை முடிந்தால் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். கட்டும் துணிப் பட்டையைக் கதவு வழியாகக் காருக்குள் கொண்டுவந்து மேலே சுற்றிக் கட்ட வேண்டும். மெதுவாக, பக்கத்தில் எங்காவது போய்வர இது போதும். ஒருநாள் மழை பிடித்தது. மேலே நனைந்த பட்டை திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, சொட்டுச் சொட்டாக என் இடது தோளில் விட்டது. ஒரு மணி நேரம் அதை நிறுத்த வழியில்லை. மறுவாரமே குறுக்குக் கம்பிகள் வாங்கிவிட்டேன்.

கம்பி வாங்குவதற்கு முன் கார் கையேட்டில் ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள். ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். என் காருக்கு 50 கிலோ. இதில் கம்பி, அதன்மேல் படகைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி எல்லாவற்றின் எடையும் சேர்த்தி. நண்பன் ஒருவன் தன் கயாக்கையும் தூக்கிக்கொண்டு வந்து, "ரெண்டையும் உன் வண்டியிலயே போட்டுரலாம்டா" என்றபோது விரல் விட்டுத்தான் கணக்குப் போட்டேன். கம்பியும் தாங்கியும் 9 கிலோ, படகு இரண்டும் 54. அவன் முகம் தொங்கிவிட்டது, ஆனால் ஏற்றவில்லை. கம்பி தாங்கும் எடை வேறு, கூரை தாங்கும் எடை வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் நமக்கு.

அடுத்து வந்தது ஜே வடிவத் தாங்கி. படகு ஒருக்களித்து நிற்கும், பக்கத்தில் இன்னும் இடம் இருக்கும். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் தனியாள் 27 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தக் கொக்கி உயரத்தையும் தாண்டி உள்ளே விட வேண்டும். காலையில் முடிகிறது. மூன்று மணி நேரம் துடுப்பு போட்ட பிறகு தோள் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் வீம்புக்கு வைத்திருந்துவிட்டுக் கழற்றினேன். இரண்டு பேர் சேர்ந்து போகிறவர்களுக்கு இது நல்ல சாமான். எனக்குச் சரிப்படவில்லை.

இப்போது செய்வது ரொம்ப எளிது. கம்பிக்குத் தடித்த நுரை உறை மாட்டி, படகைக் கவிழ்த்துப் போட்டுவிடுகிறேன். இந்த வகைப் படகின் மேல் விளிம்பு அடிப்பாகத்தைவிட விறைப்பானது, அதனால் எடையை அது தாங்கினால் அடியில் பள்ளம் விழாது. ஏற்றுவதற்குப் பின் கண்ணாடி மேல் ஒரு பழைய ரப்பர் குளியலறை விரிப்பைப் போடுவேன். மூக்கை அதன்மேல் சாய்த்துவிட்டு, வாலைத் தூக்கி முன்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில். விரிப்பில் மணல் ஒட்டியிருந்தால் கண்ணாடி கீறும், அதனால் ஒரு உதறு உதறிவிட்டுப் போடுங்கள்.

இனி பட்டை. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டாம் வருடக் கடைசி, ஜே தாங்கியைக் கழற்றிவிட்டுப் படகைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு பட்டையைக் கரையிலேயே தொலைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ராட்செட் பட்டை இரவல் வாங்கினேன். கைப்பிடியை ஆட்ட ஆட்ட டக் டக் என்று இறுகும் ஜாதி. அந்தச் சத்தத்துக்கு ஒரு போதை இருக்கிறது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை போகும். அப்படியே கட்டி, வழியில் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டேன். வீட்டில் இறக்கிப் பார்த்தால், கம்பி பட்ட இரண்டு இடத்திலும் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். பாலிஎத்திலீன் சூட்டில் இளகும், அழுத்தம் இருந்தால் அந்த வடிவத்துக்கே போய்விடும். மறுநாள் வெயிலிலேயே கவிழ்த்து வைத்ததில் ஒன்று தானாக எழும்பிவிட்டது. இன்னொன்று இன்றைக்கும் இருக்கிறது, தடவினால் கைக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கேம் பக்கிள் பட்டை மட்டும்தான். கட்டைவிரலால் அழுத்தினால் பல் திறக்கும், விட்டால் கடிக்கும். கையால் இழுக்கும் பலம்தான் அதன் எல்லை, அந்த எல்லையே போதும். துணி பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும், அதாவது நமக்கு இறுக்கம் தேவைப்படுகிற மழையில்தான் அது கைவிடும். மறுபக்கம் வீசும்போது பக்கிள் இல்லாத முனையை வீச வேண்டும். மாற்றி வீசிக் கார் கண்ணாடியைப் பேர்த்தவரை நேரில் பார்த்திருக்கிறேன். பட்டை படகின் மேல் போய், கம்பிக்கு அடியில் நுழைந்து, திரும்ப மேலே வந்து பக்கிளில் சேர வேண்டும். படகும் கம்பியும் ஒரே கட்டாக ஆகிவிட வேண்டும். படகின் கைப்பிடியில் கொக்கி மாட்டி, அதோடு விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு திருகாணிதான் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் நெடுஞ்சாலைப் பயணத்தில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பது மாதிரி ஒரு சத்தம். வேகம் கூடினால் கூடும், குறைந்தால் நிற்கும். ரேக்தான் கழல்கிறது என்று நினைத்து மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். தட்டையான பட்டை காற்றில் அதிர்கிற ஓசை அது. படகுக்கும் கம்பிக்கும் நடுவே பட்டை தொங்குகிற இடத்தில் ஒரு முறுக்கு விட்டால் அடங்கிவிடும். ஒரே ஒரு முறுக்கு.

அடுத்து, படகின் மூக்கையும் வாலையும் காரின் முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் கட்டுகிற முன் கயிறு, பின் கயிறு. "இவ்வளவு பட்டை இருக்கே, இது எதுக்கு?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். பட்டை படகைக் கம்பியோடு பிடிக்கிறது. கம்பியே கூரையை விட்டுக் கிளம்பினால் என்ன பிடிக்கும்? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும், எதிரே பெரிய லாரி கடக்கும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு வேறு. முன்னால் கட்ட இடமில்லாத காருக்கு, பானெட்டுக்கு உள்ளே ஒரு போல்ட்டில் மாட்டுகிற நாடா வளையம் கிடைக்கிறது, நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டுகிற இழுப்பு முடிச்சு இதற்குக் கச்சிதம். ஆனால் முறுக்கி இழுக்காதீர்கள், படகு வில்லாக வளையும். தொய்வு போகிற அளவு போதும். இன்னொரு லாபம், ஓட்டும்போது இந்தக் கயிறு கண்ணுக்கு நேராக இருக்கும். அது தொய்ந்தால் மேலே ஏதோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதே கயிறுதான் என்னைக் கொல்லவும் பார்த்தது. நாலாம் வருடம், இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டி மிச்சமிருந்த முனையைச் சுருட்டிச் செருகாமல் விட்டிருக்கிறேன். பம்பரில் பட் பட் என்று அடி. கல் தெறிக்கிறது என்று ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இறங்கி டார்ச் அடித்தால், முன் சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி அந்த முனை தொங்குகிறது, தார் ரோட்டில் தேய்ந்து பிரஷ் மாதிரி விரிந்து போயிருக்கிறது. சக்கரம் அதை ஒரு சுற்று இழுத்திருந்தால் படகின் மூக்கு பானெட்டில் இறங்கியிருக்கும். அன்றிலிருந்து மிச்சக் கயிறு மீட்டர் கணக்கில் இருக்கக் கூடாது என்று வெட்டிவிட்டேன். கிளம்பி 5 கிலோமீட்டரில் ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை இறங்கி எல்லாவற்றையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். படகு நகர்ந்தால் தளர்வு. படகோடு காரும் சேர்ந்து ஆடினால் சரி.

தண்ணீர் வரைக்கும் தள்ளுவண்டி. முதலில் வாங்கியது, படகின் மேல்தளத்திலிருந்து அடிவரை ஊடுருவிப் போகும் வடிகால் துளைகளுக்குள் அடியிலிருந்து இரண்டு குழாய் நுழைத்து நிறுத்துகிற வகை. மாட்டுவது நொடி வேலை. மூன்றாம் வருடம், சாமான்களை இறக்காமல் அப்படியே கல் படிகளில் இழுத்து ஏற்றினேன். முழு எடையும் அந்த இரண்டு துளையின் ஓரத்தில் குத்தியது. அடுத்த பயணத்தில் படகு சோம்பலாக நகர்கிறதே என்று கரையேற்றி, படகின் உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கிற திருகைத் திறந்தால், வாளிக் கணக்கில் தண்ணீர். துளையின் உள்சுவரில் மயிரிழை விரிசல். பிளாஸ்டிக் பற்றவைப்பு செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இருப்பது, நுரைத் திண்டுமேல் படகை உட்காரவைத்துப் பட்டையால் கட்டும் வண்டி. நடுவிலிருந்து கொஞ்சம் வால் பக்கம் தள்ளி வைத்தால் மூக்கைப் பிடித்து நடக்கும்போது கை வலிக்காது. காற்றுச் சக்கரம் கல் பாதையில் மெத்தென்று போகும், முள் குத்தினால் கதை முடிந்தது. குழைந்த மணலில் சாதாரணச் சக்கரம் எல்லாம் கலப்பை மாதிரி உழும். குறைந்த காற்றில் பலூன் போல உப்பி நிற்கிற சக்கரம் ஒன்றுதான் மேலேயே மிதந்து போகும். உப்புத் தண்ணீரில் நனைந்த அச்சையும் பக்கிளையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைத்தால் அடுத்த தடவை கழற்றச் சுத்தியல் தேடுவீர்கள்.

போகும்போது நடந்த அந்த ஒரே சம்பவம், வடிகால் திருகு. மூடாமலே தண்ணீரில் இறங்கிவிட்டேன். அதுவும் யோசித்தால், முந்தைய வாரம் திரும்பும்போது தண்ணீர் வடியட்டும் என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டதுதான். இப்போது ஒரு நூலில் இருக்கையோடு கட்டி வைத்திருக்கிறேன். வடித்து, துடைத்து, ஒட்டியிருக்கும் பாசியையும் தழையையும் அங்கேயே கழித்துவிட்டு ஏற்றுவது படகுக்கு மட்டும் நல்லதில்லை. ஆகாயத்தாமரை மாதிரி சனியன்கள் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் நம்மோடு ஓசியில் பயணம் செய்கின்றன.

இதற்கிடையே காற்றடைக்கும் கயாக் ஒன்றை ஒரு வருடம் முயன்றேன். டிக்கிக்குள் அடங்கும், இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை, காயவைக்க முற்றம் முழுக்க வேண்டும். விற்றுவிட்டேன்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் 20 கிலோவுக்குக் குறைந்ததாகப் பார்ப்பேன், கடையிலேயே ஒருமுறை தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துவிட்டு. மற்றபடி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தாகிவிட்டது, டிக்கிக் கதவைத் தவிர. கயாக் மேலே இருப்பதை மறந்து திறந்தால் அது நேராகப் போய் வாலில் இடிக்கும். இதுவரை கதவின் விளிம்பில் மூன்று வெட்டுத் தழும்பு. மூன்றாவது போன வாரம்.