நிற்காத ஃபிட்ஸுக்கு வீட்டு மருந்து: மூக்கா, கன்னமா, ஆசனவாயா?

ஃபிட்ஸ் பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். 5 நிமிடம் ஆகியும் கைகால் வெட்டி இழுத்தால் காத்திருக்கக் கூடாது. நேரம் ஏற ஏற மருந்துக்கும் கட்டுப்படாமல் போகும். வடசென்னையில், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போதும், தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோடு நகராதபோதும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது எளிதில்லை. அதனால்தான் அவசர மருந்தை வீட்டிலேயே வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஓட்டு மூக்கு ஸ்ப்ரேவுக்கு. ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

மூக்கில் அடிப்பது மிடசோலம் என்ற ஃபிட்ஸ் நிறுத்தும் மருந்து. அந்த ஸ்ப்ரேயில் ஓர் அழுத்தலுக்கு 0.5 மி.கி. வருவதும் உண்டு, 1.25 மி.கி. வருவதும் உண்டு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி., உச்சம் 10 மி.கி. 20 கிலோ பிள்ளைக்கு 4 மி.கி. வேண்டும்: 0.5 பாட்டிலில் 8 அழுத்தல், மூக்கின் ஒவ்வொரு துவாரத்திலும் 4. கடையில் 1.25 பாட்டில் மாறி வந்து, பழக்கத்தில் அதே 8 அழுத்தினால் 10 மி.கி. உள்ளே போய்விடும். அதாவது இரண்டரை மடங்கு, மூச்சே மந்தமாகலாம். இந்த மருந்தில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இதைத்தான். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். எத்தனை அழுத்தல் என்பதை டாக்டரிடமே கேட்டு, பாட்டிலின் மேல் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை எடை கூடினால் கணக்கும் மாறும். 50 கிலோ ஆளுக்கு 0.5 பாட்டில் என்றால் 20 அழுத்தல், சுமார் 2 மி.லி.; நிறைய தொண்டைக்குள் வழிந்துவிடும். பெரியவர்களுக்கு 1.25 தான் சரி.

புது பாட்டிலை மூக்கில் வைக்குமுன் காற்றில் அழுத்தி, சாரல் சீராக வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் முதல் சில அழுத்தலில் வெறும் காற்றுதான் வரும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதிதான். தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பாட்டிலை நிமிர்த்தி அடித்துவிட்டு, உடனே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சளி அடைத்த மூக்கில் மருந்து சரியாக ஏறாது.

அப்போது கைகொடுப்பது கன்ன வழி. பல் கிட்டியிருந்தாலும், அதே மிடசோலத்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சிரிஞ்சில் மெதுவாக விடலாம். ஆனால் ஊசிமருந்து உள்ள கண்ணாடிக் குப்பியை (ஆம்ப்யூல்) இதற்குப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் பதற்றத்தில் கண்ணாடியை உடைக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், ஊசிமுனையைக் கழற்ற வேண்டும். மி.லி.க்கு 5 மி.கி. உள்ள ஆம்ப்யூல்தானா என்றும் பார்க்க வேண்டும், 1 மி.கி. உள்ளதில் 6 மி.கி. எடுக்க 6 மி.லி. ஆகும், அது கன்னத்தில் நிற்காது. எச்சில் வழிந்தாலும் கொஞ்சம் வீணாகும்.

ஆசனவாய் வழியாக விடும் டயசிபாம் பழைய முறை. 2005இல் பிரிட்டனில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், 10 நிமிடத்துக்குள் அடங்கி, மூச்சுக் கோளாறில்லாமல், ஒரு மணி நேரம் திரும்பாமல் இருந்தது டயசிபாமில் 27%, கன்னத்து மிடசோலத்தில் 56%. மலம் இருந்தால் மருந்து வெளியே வந்துவிடும். பத்தாவது படிக்கும் பெண்ணுக்குத் தெருவில் வைத்து இதைச் செய்ய முடியுமா? கைக்குழந்தைக்கு, வேறு மருந்து இல்லாதபோது சரி. மருந்து டியூபை அழுத்தியபடியே வெளியே எடுத்து, பிட்டங்களைச் சற்று நேரம் சேர்த்துப் பிடியுங்கள். வெளியே எடுக்குமுன் டியூபை அழுத்துவதைத் தளர்த்தினால் அது மருந்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஃபிட்ஸ் வராமலிருக்கத் தரும் குளோபசாம் மாத்திரை இந்தப் போட்டியிலேயே இல்லை. இழுக்கும்போது மாத்திரையோ தண்ணீரோ வாயில் போனால் மூச்சுக்குழலில் இறங்கும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நடக்காது, நிமிடங்கள்தான் போகும்.

எந்த வழியானாலும் மருந்து கொடுக்கும்போதே ஒருவர் 108ஐ அழைக்கட்டும். அடுத்த 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் டாக்டர் எழுதித் தராத இரண்டாவது டோஸ் வேண்டாம். மூச்சு ஆபத்து அங்கேதான் கூடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குவதையும் உதட்டின் நிறத்தையும் பார்த்தபடி இருங்கள். தகரக் கூரை வீட்டில் மருந்தை மேல் அலமாரியில் வைக்காதீர்கள். கீழே, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் சொல்ல வேண்டியவை: ஆரம்பித்த நேரம், மருந்து கொடுத்த நேரம், எத்தனை மி.கி.