வாஷிங்டனுக்குப் பக்கத்தில் யார் பேசுகிறார்? அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களின் தேசபக்தி: ஓர் ஒப்பீடு

ஆர்லாண்டோவுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் ரோலர்கோஸ்டருக்கும் இளவரசிகளோடு போட்டோ எடுக்கவும்தான் வரிசையில் நிற்கின்றன. மதிய வெயிலில் கால் கடுக்கும்போது, ஏசி இருக்கிறதே, உட்கார இடமும் இருக்கிறதே என்று ஏதோ ஓர் அரங்குக்குள் நுழைந்தால், திரை விலகியதும் அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் இருப்பார். அவரைச் சுற்றி அமெரிக்காவை ஆண்ட அத்தனை பேரும். எல்லாம் இயந்திரப் பொம்மைகள்.

அமெரிக்க வரலாற்றைக் கேளிக்கையாக விற்கும் இடங்கள் அந்த நாட்டில் நிறைய. எது தேவலை என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைப்பேன். அடிமை முறை, பூர்வகுடிகளிடம் பிடுங்கிய நிலம் என்று சங்கடமான இடம் வரும்போது காட்சி என்ன செய்கிறது? பேச்சை மாற்றுகிறதா, யாரையாவது பேச விடுகிறதா?

முதலில் ஆர்லாண்டோவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற ஒரே ரிசார்ட்டுக்குள் இருக்கும் இரண்டு போட்டியாளர்கள்: மேஜிக் கிங்டம் பூங்காவில் ‘ஹால் ஆஃப் பிரசிடெண்ட்ஸ்’, எப்காட் பூங்காவில் ‘அமெரிக்கன் அட்வென்ச்சர்’.

ஹால் ஆஃப் பிரசிடெண்ட்ஸ், 1971 அக்டோபர் 1-ஆம் தேதி பூங்காவோடு சேர்ந்தே திறந்தது. கட்டட முகப்பில் 1787 என்று போட்டிருக்கும். அரசியல் சாசனம் எழுதப்பட்ட ஆண்டு. அன்று மேடையில் 36 பொம்மைகள். நிக்சன் 37-ஆவது அதிபர் ஆயிற்றே என்று கேட்டால், கிளீவ்லாந்து இடைவெளி விட்டு இரண்டு முறை ஆண்டதால் கணக்கில் இரண்டு முறை வருகிறார். முதலில் ஒரு படம் ஓடும். விஸ்கி வரிக்கு எதிரான கலகம், மாநிலங்கள் முறுக்கிக்கொண்டது, அடிமை முறையால் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் என்று போகும் கதையின் சாரம், ஒன்றியம் உடையாமல் நின்றது என்பதுதான். அப்புறம் திரை விலகும், பெயர் வாசிப்பு நடக்கும், லிங்கன் எழுந்து பேசுவார். வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது அந்தப் பெயர் வாசிப்புதான். பெயர் சொல்லப்படும் ஆளைப் பார்க்காதீர்கள், மற்றவர்களைப் பாருங்கள். ஒருவர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ கிசுகிசுப்பார், ஒருவர் தலையை ஆட்டுவார், இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் அசைந்துகொள்வார். நீண்ட கூட்டத்தில் மேடையில் மாட்டிக்கொண்ட தலைவர்களின் சலிப்பு அப்படியே இருக்கும். பெயரே நினைவில் நிற்காத அதிபர்களுக்குக்கூட இந்தச் சின்ன அசைவுகளால் ஓர் உயிர் வந்துவிடுகிறது.

1993-இல்தான் திருப்பம். கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர் எரிக் ஃபோனரின் ஆலோசனையோடு உரையைத் திருத்தி எழுதினார்கள். அடிமை முறை கதையின் நடுவுக்கு வந்தது. கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோ அதை வாசித்தார். அது நல்ல மாற்றம். ஆனால் அதே திருத்தத்தில்தான் பதவியில் இருக்கும் அதிபரையும் பேச வைத்தார்கள். கிளிண்டன் தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களும் அதே வழியில் வந்தார்கள். 2009-இல் ஒபாமா, 2017 டிசம்பரில் டிரம்ப். அன்றிலிருந்து இந்த அரங்குக்கு நிம்மதி போயிற்று. ஆட்சி மாறினால் கதவை மூடு, புதுப் பொம்மை செய், வரிசையை மாற்று. டிரம்ப் பொம்மை வந்த புதிதில் பார்வையாளர் ஒருவர் எழுந்து நின்று அதைப் பார்த்துக் கோஷம் போட்ட வீடியோ சுற்றியது. பொம்மை பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. அது வேறென்ன செய்யும்?

அமெரிக்கன் அட்வென்ச்சர் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. 1982-இல் எப்காட் திறந்த நாளிலேயே தொடங்கிய இந்தக் காட்சியில் கதை சொல்ல அதிபர்களையே கூப்பிடவில்லை. நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைனும் சொல்கிறார்கள். ஃபிராங்க்ளின் இறந்தது 1790-இல், ட்வைன் பிறந்தது 1835-இல். நேரில் சந்தித்திருக்க வழியே இல்லை. ஆனாலும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். ஃபிராங்க்ளின் பெருமை பேசுவார், ட்வைன் சுருட்டும் கையுமாக அதில் ஊசி ஏற்றுவார். பெருமைக்கும் குத்தலுக்கும் தனித்தனி வாய் கொடுத்துவிட்டதால், மேடையில் யாரும் பிரசங்கம் செய்வதுபோல் தோன்றுவதில்லை.

மிசிசிப்பி ஆற்றில், அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் பேசுகிறார். உள்நாட்டுப் போரை ஒரு குடும்பத்தின் புகைப்படங்களாகக் காட்டுகிறார்கள். ஓர் அண்ணன்-தம்பி, ஒருவன் வடக்குச் சீருடையில், மற்றவன் தெற்கில். ஒருவன் திரும்பவில்லை. 1876-இல் நாடு நூற்றாண்டு கொண்டாடும் காட்சியில் சூசன் பி. ஆன்டனி பெண்களின் உரிமையைக் கேட்கிறார். அதற்கு முந்தைய காட்சியிலேயே, தன் மக்கள் செத்து விழுந்ததைச் சொல்லி, இனி போரிட மாட்டேன் என்கிறார் நெஸ் பெர்ஸ் பூர்வகுடிகளின் தலைவர் ஜோசப். அவர் சரணடைந்தது 1877-இல். ஓராண்டு இடம் மாறியிருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர்கள் குறை சொல்லலாம். எனக்கென்னவோ, பிறந்தநாள் விழாவின் வாசலில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் இந்தக் காட்சியின் துணிச்சல் தெரிகிறது.

தொழில்நுட்பத்திலும் இதுதான் ஒரு படி மேல். காட்சிகளைத் தாங்கிய, சுமார் 175 டன் எடையுள்ள ஒரு பெரிய வண்டி பார்வையாளர்களுக்குத் தெரியாமல் நகர்ந்து, ஒவ்வொரு காட்சியையும் சரியான இடத்தில் மேலே தூக்கிக் கொடுக்கிறது. ஃபிராங்க்ளின் படியேறி, சுதந்திரப் பிரகடனம் எழுதும் ஜெஃபர்சனின் அறைக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. பொம்மை ஒன்று படியேறுவது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. இன்றைக்கும் கவனித்துப் பார்த்தால் புருவம் உயரும். வெளியே வந்ததும் கட்டடத்தையும் ஒருமுறை பாருங்கள். தூரத்திலிருந்து இரண்டரை மாடி காலனிக் கால மாளிகைபோல் தெரியும். கதவருகே நின்றால், நீங்கள் திடீரெனச் சின்னப் பிள்ளை ஆகிவிட்டதுபோல் ஜன்னல்கள் உயர்ந்து நிற்கும். உண்மையில் அது ஐந்து மாடி உயரம். சின்ரெல்லா கோட்டையைப் பெரிதாகக் காட்டப் பயன்பட்ட அதே பார்வைத் தந்திரத்தை இங்கே தலைகீழாகப் போட்டுச் சிறிதாகக் காட்டியிருக்கிறார்கள்.

குறையும் இருக்கிறது. பொம்மைகளும் மேடைக் காட்சிகளும் இரண்டாம் உலகப் போரோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு வந்ததெல்லாம், மார்ட்டின் லூதர் கிங் உட்பட, உருக்கமான பாட்டோடு ஓடும் படத்துணுக்குகள்தான். வியட்நாம் போருக்கென்று ஒரு மேடைக் காட்சி இல்லை. பார்க்க வருகிறவர்களே அடித்துக்கொள்ளக்கூடிய விஷயம் வந்ததும் பொம்மைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு வியாபாரப் புத்தி இருக்கிறது. ஹால் ஆஃப் பிரசிடெண்ட்ஸ் அந்தப் புத்தியைக் கைவிட்டதால்தான் அவதிப்படுகிறது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அமெரிக்கன் அட்வென்ச்சர். சுமார் அரை மணி நேரம். காட்சிக்குக் கொஞ்சம் முன்பே போனால், குவிமாடத்தின் கீழே ‘வாய்சஸ் ஆஃப் லிபர்ட்டி’ குழு இசைக்கருவி எதுவும் இல்லாமல் பாடுவதையும் கேட்கலாம். தேசபக்தியில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அந்தக் குரல்கள் பிடிக்கும்.

கலிபோர்னியாப் பக்கம் போட்டி வேறு மாதிரி. அனஹைமில் டிஸ்னிலேண்டின் லிங்கன். சற்றுத் தள்ளி புவேனா பார்க்கில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கட்டிய இண்டிபெண்டன்ஸ் ஹால். லிங்கன் பொம்மை 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இலினாய்ஸ் மாநில அரங்குக்காகச் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு டிஸ்னிலேண்டுக்கு வந்தது. 1860-இல் லிங்கன் உயிரோடு இருந்தபோது முகத்தில் எடுத்த அச்சை வைத்து வடித்த முகம் அது (அச்சு எடுத்தபோது அவருக்குத் தாடி இல்லை). பேச்சு, அவருடைய பல உரைகளிலிருந்து எடுத்துக் கோத்தது. 1838-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இளம் வழக்கறிஞராகப் பேசிய பகுதி அதில் இருக்கிறது. ஊரறிந்த கெட்டிஸ்பர்க் உரையைத் தொடவில்லை. சுதந்திரம், சட்டம், உள்ளிருந்து வரும் ஆபத்து எல்லாம் வருகிறது. லிங்கனை லிங்கன் ஆக்கிய அடிமை விவகாரம்தான் அந்த முதல் உரையில் ஒதுங்கி நின்றது. 1973-இல் இந்தக் காட்சியை எடுத்தபோது ரசிகர்கள் சண்டை போட்டு 1975-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் அதே மேடைக்கு வால்ட் டிஸ்னியின் பொம்மையே வந்துவிட்டதால், லிங்கனுக்காகவே போகிறவர்கள் அன்றைக்கு யார் மேடையில் என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

நாட்ஸ் கட்டடம் நேர் எதிர். வால்டர் நாட் பழப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்தவர், தீவிர வலதுசாரி. பிலடெல்பியாவின் இண்டிபெண்டன்ஸ் ஹாலை அப்படியே நகலெடுத்துக் கட்டி, 1966 ஜூலை 4 அன்று திறந்தார். பேசும் ரோபோ கிடையாது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மண்டபத்தின் நகலும், பிலடெல்பியாவின் சுதந்திர மணியைப் போலவே விரிசலோடு வார்த்த மணியும்தான் ஈர்ப்பு. பூங்காவுக்கு வெளியே, சாலையின் மறுபக்கம் இருப்பதால் டிக்கெட்டும் வேண்டாம். எளிமையான பக்தி, எதையும் கேட்காத பக்தி. பத்து நிமிடம் பார்க்கலாம்.

பழைய முயற்சிகளில் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகிறேன். நியூயார்க் பிராங்ஸில் 1960-இல் ‘ஃப்ரீடம்லேண்ட்’ என்று அமெரிக்க வரைபட வடிவிலேயே ஒரு பூங்கா. 1871 சிகாகோ தீ விபத்தை நாள்தோறும் நடித்துக் காட்டி, வந்த பிள்ளைகளையே பம்ப் அடித்துத் தீயணைக்க விட்டார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது, 1964-லேயே மூடிவிட்டார்கள். இன்னொன்று, 1961-இல் டெக்சஸில் தொடங்கிய சிக்ஸ் ஃபிளாக்ஸ். டெக்சஸை ஆண்ட ஆறு கொடிகள் என்பதுதான் பெயருக்கே காரணம். அதில் ஒன்று அடிமை முறைக்காகப் பிரிந்து போன தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி. 2017-இல் சார்லட்ஸ்வில் ஊரில் வெள்ளை இனவெறியர்களின் பேரணியில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு ஆறு கம்பத்திலும் அமெரிக்கக் கொடியையே ஏற்றிவிட்டார்கள். வரலாற்றுப் பாடம் ஒன்று கொடியோடு இறங்கிவிட்டது. அதற்காக யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை.

இனி வர்ஜீனியா. என் கணக்கில் உண்மையான போட்டி இங்கேதான் நடந்தது, 1994-இல். அதற்கு முந்தைய நவம்பரில் டிஸ்னி ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ என்ற திட்டத்தை அறிவித்திருந்தது. இடம் ஹேமார்க்கெட்; உள்நாட்டுப் போரில் இரண்டு பெரிய சண்டைகள் நடந்த மனாசஸ் களத்துக்கு மிக அருகில். மேற்குத் திசையை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணம் என்று படகு ரைடு, தொழிற்புரட்சி என்று உலைக்களத்துக்குள் பாயும் ரோலர்கோஸ்டர். அடிமையாக இருப்பது எப்படி இருக்கும் என்பதையும் உணர வைப்போம் என்று திட்டக்குழுவில் ஒருவர் சொல்லி வைக்க, விஷயம் கேலிக்கூத்தானது. டேவிட் மெக்கல்லா, ஜேம்ஸ் மெக்பெர்சன் போன்ற வரலாற்று எழுத்தாளர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள். சுற்றுவட்டார நிலக்காரர்களுக்குப் போக்குவரத்து நெரிசல் பற்றிய கவலை வேறு. செப்டம்பர் 28 அன்று டிஸ்னி அந்த இடத்தைக் கைவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, அதே மாநிலத்தில் கலோனியல் வில்லியம்ஸ்பர்கில் ஓர் அடிமை ஏலத்தை நடுத்தெருவில் நடித்துக் காட்டினார்கள். இது 1920-களில் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் மீட்டெடுக்கத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டு ஊர். 301 ஏக்கர். கொல்லர், தச்சர், அச்சுக்காரர் எல்லாரும் அந்தக் கால உடையில் உண்மையாகவே வேலை செய்வார்கள். புரட்சிக் காலத்தில் ஊர் மக்களில் பாதிக்கும் மேல் கறுப்பர்கள். ஆனால் மீட்டெடுத்த ஊரில் வெகுகாலம் அவர்களைக் காணவே முடியாது. அதை மாற்றத்தான் கறுப்பர் வரலாற்றுப் பிரிவை நடத்திய கிறிஸ்டி கோல்மன் அந்த ஏலத்தை ஏற்பாடு செய்தார். விற்கப்படும் கர்ப்பிணியாகத் தானே மேடையேறினார். கறுப்பர் உரிமை அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவிக்க வந்தார்கள். அவர்களில் ஒரு தலைவர் பார்த்து முடித்ததும் மனம் மாறிப் பாராட்டினார். கணவன் ஒருவனுக்கு, மனைவி வேறொருவனுக்கு என்று விலை போனதைக் கண்ணால் பார்த்தால் வேறென்ன சொல்ல முடியும்?

அடிமைத்தனத்தை உணர வைப்போம் என்று டிஸ்னி சொன்னபோது சிரித்தவர்கள், வில்லியம்ஸ்பர்க் அதையே செய்தபோது வாயடைத்து நின்றதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் ரைடு முடிந்ததும் ஐஸ்கிரீம் கடை. இன்னொரு பக்கம் அதே பிரச்சினையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு பெண், தன் உடம்பையே மேடையில் நிறுத்துகிறார். அந்த ஏலம் தினசரிக் காட்சி ஆகவில்லை, ஆகவும் கூடாது. ஆனால் பாதை திறந்துகொண்டது. அங்கே கறுப்பர் வேடம் ஏற்பவரிடம் நீங்கள் எதையும் கேட்கலாம். எசமான் எப்படி, ஓடிப்போக நினைத்ததுண்டா, பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் பதில் வரும். சில சமயம் எதிர்க்கேள்வியும் வரும். எப்காட்டின் டக்ளஸ் எவ்வளவு அழகாகப் பேசினாலும் நீங்கள் கேட்பது அவர் காதில் விழாது.

ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வில்லியம்ஸ்பர்க் சுலபமான இடம் இல்லை. நடை அதிகம், வெயில் அதிகம், பொறுமை வேண்டும். பக்கத்திலேயே புஷ் கார்டன்ஸ் இருக்கிறது, ரைடு கேட்கும் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். அமெரிக்கா பிறந்த மண்ணில் அந்தப் பூங்கா முழுக்க ஐரோப்பிய ஊர்களாக வேஷம் கட்டி நிற்பது தனி வேடிக்கை. பத்து வயதுக்குக் கீழ் என்றால் எப்காட் போதும். உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளை இருந்தால் வர்ஜீனியாவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் உள்ளே போகத்தான் டிக்கெட். 1760-களில் கறுப்பர் பிள்ளைகள் படித்த பிரே பள்ளியின் கட்டடத்தை 2020-இல் அடையாளம் கண்டு, 2023-இல் பெயர்த்து அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சுற்றத் தொடங்குங்கள், ஆளுநர் மாளிகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.