36 நொடி மலையும் 2 வார அவகாசமும்

2018 ஜூன் 11, திங்கட்கிழமை காலை. லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது ஞாயிறு இரவு. ஒரு கையில் பல் துலக்கும் பிரஷும் மறு கையில் செல்பேசியுமாக பெதஸ்டா என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் மேடை நிகழ்ச்சியை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடியப்போகிற நேரம். அதன் விளையாட்டு இயக்குநர் டாட் ஹோவர்ட் முதலில் ‘ஸ்டார்ஃபீல்ட்’ என்றார். அதற்கடுத்து வரப்போவது நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் விளையாட்டு என்றார். திரையில் மூட்டம் விலகியது. வறண்ட மலைகள், தூரத்தில் கடற்கரை, பழகிய மெட்டு, கடைசியில் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ என்ற எழுத்து. மொத்தம் 36 நொடி. வாயில் இருந்த பற்பசை நுரை சட்டையில் வழிந்ததைக் கவனிக்கவில்லை. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அன்று பத்தாம் வகுப்பில் இருந்த பையன்கள் இன்று பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது இன்னும் அந்த மலை மட்டும்தான்.

புதிய விளையாட்டுகளின் அறிவிப்பு வரும்போதெல்லாம் நண்பர்களிடையே ஒரே சண்டை நடக்கிறது. முன்கூட்டியே சொல்வது நல்லதா, விரிவாகக் காட்டுவது நல்லதா, வாயை மூடிக்கொண்டு வேலை செய்துவிட்டுக் கடைசியில் சொல்வது நல்லதா? பெரும்பாலானோர் டிரெய்லரின் அழகை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் எத்தனை ஆண்டு காக்க வைத்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறொன்று: அறிவிப்புக்கும் விளையாட்டுக்கும் நடுவே என் பணம் எப்போது கைமாறியது? இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

முதலில் அந்த மலையையே எடுத்துக்கொள்கிறேன். 2018இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 தயாரிப்புக்கு முந்தைய கட்டத்தில்தான் இருந்தது. இதை அவர்கள் மறைக்கவில்லை. 2023 ஆகஸ்டில்தான் அந்தக் கட்டத்தைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. இடையில் ஸ்டார்ஃபீல்டே வெளியாகிப் பழசாகிவிட்டது. கேலிச் சித்திரங்களுக்கு அந்த டீசர் வற்றாத ஊற்று. ஆனால் என்னிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. தேதி சொல்லவில்லை, எந்தக் கன்சோலில் (டிவியில் இணைத்து விளையாடும் பெட்டி) வரும் என்றுகூடச் சொல்லவில்லை. ஆகவே எந்த வாக்கையும் மீறவும் இல்லை. கல்யாணப் பேச்சே எடுக்காமல் ‘உங்கள் பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன வீட்டாரைப் போன்றது இது. எரிச்சலூட்டும், ஏமாற்று என்று வழக்குப் போட முடியாது.

இதே ரகத்தில் நிண்டெண்டோவும் ஒன்று செய்தது. 2017 ஜூனில் ‘மெட்ராய்டு பிரைம் 4’ என்று விண்வெளிப் பின்னணியில் ஒரு சின்னத்தைக் காட்டியதோடு சரி. 2019 ஜனவரியில் அதன் அதிகாரி ஷின்யா தகாஹாஷி ஒரு காணொளியில் தோன்றி, வேலை தாங்கள் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை, ரெட்ரோ ஸ்டூடியோஸ் என்ற குழுவை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார். முழுச் சூட் அணிந்து, முகத்தில் சிரிப்பில்லாமல், இரண்டு ஆண்டு உழைப்பு வீண் என்று உலகத்துக்கே சொன்னார். விளையாட்டு 2025 டிசம்பர் 4 அன்று வந்தது. சின்னத்தை மட்டும் காட்டுவது எனக்குப் பிடிக்காது. என்றாலும் அந்த ஒரு காணொளிக்காக நிண்டெண்டோவை பெதஸ்டாவுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

இப்போது எதிர்முனைக்கு வருகிறேன். ஓர் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 2018இல் என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் ‘சைபர்பங்க் 2077’ என்றிருப்பேன். 2018 ஆகஸ்டு இறுதியில் 48 நிமிடம் ஓடும் காணொளி ஒன்றை அதை உருவாக்கிய சிடி பிராஜெக்ட் ரெட் வெளியிட்டது. அழகுபடுத்திய டிரெய்லர் அல்ல, ஒருவர் உட்கார்ந்து விளையாடியதன் பதிவு. துப்பாக்கியில் எத்தனை குண்டு மீதம் என்ற எண் திரையில் தெரிந்தது. உரையாடலில் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பட்டியல் தெரிந்தது. ஒரு கும்பலிடம் சிலந்தி வடிவ இயந்திரம் ஒன்றை வாங்கப் போகும் காட்சி. பேரம் பேசலாம், பணம் கொடுக்கலாம், சுட்டுத் தள்ளலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தேன். காட்சிகளின் மேல், இது முடிவான வடிவம் அல்ல, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற வாசகம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் படித்தவர் எத்தனை பேர்? நான் படித்தேன், பொருட்படுத்தவில்லை. அந்தக் காணொளியில் கையிலிருந்து முளைக்கும் கத்திகளை வைத்துச் சுவரில் தொற்றிக்கொள்ளும் வித்தை ஒன்று வரும். பிற்பாடு அதை எடுத்தே விட்டார்கள்.

அதுகூடப் பெரிய குற்றம் அல்ல. விளையாட்டு என்றால் வெட்டும் ஒட்டும் இருக்கும். தவறு 2019 ஜூனில் நடந்தது. மேடைக்கு நடிகர் கியானு ரீவ்ஸ் வந்தார், அரங்கம் கொந்தளித்தது, அவரே 2020 ஏப்ரல் 16 என்று தேதியைச் சொன்னார். முன்பதிவும் அப்போதே திறந்தது. எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: 2013 ஜனவரியில் வந்த முதல் டீசரின் முடிவில், எப்போது வரும் என்ற இடத்தில் ‘தயாரானதும் வரும்’ என்றுதான் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைக் கடைசிவரை காப்பாற்றியிருந்தால் போதும். தேதி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் 17க்கும், பிறகு நவம்பர் 19க்கும், கடைசியாக டிசம்பர் 10க்கும் தள்ளிப்போனது. இதில் மூன்றாவது ஒத்திவைப்பு இருக்கிறதே, அக்டோபர் தொடக்கத்தில் விளையாட்டு தயார், வட்டு அச்சுக்குப் போகலாம் என்று முரசு கொட்டிய பிறகு வந்தது.

வெளியானபோது முன்பதிவு 80 லட்சத்தைத் தொட்டிருந்தது. 2019 ஜூனில் பணம் கட்டியவர் 18 மாதம் காத்திருந்தார். காத்திருந்து கிடைத்தது என்ன? கணினியில் ஓரளவு ஓடியது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களை வைத்திருந்தவர்களுக்குத் திணறியது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்ததும் கணினிப் பிரதிதான். கன்சோலில் எப்படி ஓடுகிறது என்பது வாங்கியவர் வீட்டில்தான் தெரிந்தது. ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை இறக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி ஏற்றியது 2021 ஜூனில். இன்றைய சைபர்பங்க் அருமையான விளையாட்டு. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச் என்ற திருத்தத்துக்குப் பிறகு கூச்சமில்லாமல் யாருக்கும் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்த அருமையை அனுபவித்தவர்கள் பொறுத்திருந்து பாதி விலையில் வாங்கியவர்கள். முதல் நாளில் முழு விலை கொடுத்த விசுவாசிகளுக்குக் கிடைத்தது பேட்ச் காத்திருப்பு.

எனக்கும் முன்பதிவு அனுபவம் உண்டு. வேறொரு விளையாட்டு, பெயர் எதற்கு? முன்பதிவு செய்வோருக்குத் தங்க நிறத் துப்பாக்கி இலவசம் என்றார்கள். ஆசையாகக் கட்டினேன். விளையாட்டின் இரண்டாவது மணி நேரத்தில் வழியில் செத்துக் கிடந்த ஒரு திருடனின் பையில் அதைவிட நல்ல துப்பாக்கி இருந்தது. தங்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது மாதம் அந்த விளையாட்டு, தங்கத் துப்பாக்கியோடு சேர்த்தே, பாதி விலைக்கு வந்தது.

முன்கூட்டியே சொன்ன பெதஸ்டா, விரிவாகக் காட்டிய சிடி பிராஜெக்ட் இரண்டுக்கும் எதிர்த்திசையில் நிற்கிறது ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் இருக்கும் டீம் செர்ரி. ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன் என்ற இருவரை மையமாகக் கொண்ட மிகச் சிறிய குழு. ‘ஹாலோ நைட்’டின் தொடர்ச்சியாக ‘சில்க்சாங்’கை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் ஒரு டிரெய்லர் வந்தது. நமக்கு அது இரவு பத்தரைக்குத் தொடங்கிய நிகழ்ச்சி. அங்கே காட்டிய அனைத்தும் அடுத்த 12 மாதத்துக்குள் விளையாடக் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை. 2023 மே மாதம் தாமதம் என்று ஒரு சிறு குறிப்பு. அதன்பின் நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் ரசிகர்கள் பட்ட பாடு தனிக் கதை. ‘இன்றும் செய்தி இல்லை’ என்று சொல்வதற்காகவே ஒருவர் தினமும் காணொளி போட்டார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் கோமாளி வேடப் படங்கள் பறக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பாரி. நானும் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டவன்தான். பிறகு 2025 ஆகஸ்டு 21 அன்று சொன்னார்கள்: செப்டம்பர் 4. இரண்டே வாரம். விலை 20 டாலர். முன்பதிவு கிடையாது. விமர்சகர்களுக்கும் முன்கூட்டிப் பிரதி கிடையாது. கூட்டு நிதி கொடுத்து முதல் விளையாட்டை உருவாக்க உதவியவர்களுக்கு முன்னால் பத்திரிகைக்காரர்கள் விளையாடுவது சரியல்ல என்பது அவர்கள் எண்ணம். இவ்வளவு தாமதம் ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: சிக்கல் எதுவும் இல்லை, செய்யச் செய்ய விளையாட்டு வளர்ந்துகொண்டே போனது, வேலை இனிமையாக இருந்தது. இனிமை உங்களுக்கு ஐயா, எங்களுக்கு ஆறரை ஆண்டு!

வெளியான நேரம் நமக்கு மாலை ஏழரை. ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகள் எல்லாமே கூட்டம் தாங்காமல் தடுமாறின. என் திரையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி. மறுபடி அழுத்தினால் வெற்றுப் பக்கம். தீபாவளிக்கு முந்தைய இரவு ரயில் டிக்கெட் எடுக்கும் பதற்றம். ஆனால் ஒரு வித்தியாசம்: நான் பணம் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன், அவர்கள் என்னிடம் அதுவரை ஒரு காசு வாங்கியிருக்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சீன மொழிபெயர்ப்பை அந்நாட்டு ரசிகர்கள் வெளுத்து வாங்கினார்கள். இரண்டு வார அவகாசத்துக்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை: அதே நாட்களில் வெளியிடத் திட்டமிட்டிருந்த சிறு ஸ்டூடியோக்கள் பல அடித்துப்பிடித்துத் தேதியை மாற்றிக்கொண்டன. யானை குளத்தில் இறங்குவதை இரண்டு வாரம் முன்பு சொன்னால் மீன்களுக்குப் போதுமா? ஒரு மாதமாவது கொடுத்திருக்கலாம்.

அறிவித்த அன்றே வெளியிடுவது என்ற வழி கேட்க இனிக்கும். 2025 ஏப்ரல் 22 இரவு எட்டரைக்கு ‘ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட்’ நிகழ்ச்சி தொடங்கியது. முடிந்ததும் பதிவிறக்கம் தொடங்கியது. (ஒரு வாரம் முன்பே படங்கள் கசிந்திருந்தன, ஊரறிந்த ரகசியம்.) ஆனால் 2006இல் வந்த புகழ்பெற்ற விளையாட்டின் புதுப்பிப்பு அது, ரசிகர்கள் ஏற்கெனவே தயார். புதிய பெயரை இப்படி இறக்குவது சூதாட்டம். டேங்கோ கேம்வொர்க்ஸ் 2023 ஜனவரியில் ‘ஹை-ஃபை ரஷ்’ஷை இப்படித்தான் சொன்ன அன்றே கொடுத்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. பிறகு தென்கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக் காப்பாற்றியது வேறு விஷயம்.

ராக்ஸ்டார் உருவாக்கும் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) இந்தத் தராசில் எளிதில் ஏறாது. அது தராசையே வளைக்கும் எடை. முதல் டிரெய்லர் கசிந்துவிட்டதால், சொன்ன நேரத்துக்கு முன்னரே, 2023 டிசம்பர் 5 அதிகாலையில் அவசரமாக வெளியிட்டார்கள். ஒரே நாளில் 9 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். 2025 மே மாத டிரெய்லரில் பியர் பாட்டிலுக்குள் எழும் குமிழிகளை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் நானும் ஒருவன், வெட்கம் என்ன? 2025 இலையுதிர் காலம் என்றது 2026 மே 26 ஆகி, அதுவும் 2026 நவம்பர் 19 ஆனது. (சைபர்பங்க் ஒருகாலத்தில் நம்பியிருந்த அதே நவம்பர் 19, சகுனம் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.) இரண்டு ஒத்திவைப்புச் செய்தியும் வந்தபோது சரிந்தது தாய் நிறுவனமான டேக்-டூவின் பங்கு விலை. இரண்டு டிரெய்லர் வந்தும் முன்பதிவைத் திறக்காததால், தாமதத்தின் சுமை முதலீட்டாளர் தலையில் விழுந்தது, என் தலையில் விழவில்லை. அந்த வகையில் சைபர்பங்கைவிட ராக்ஸ்டார் நாகரிகமாகவே நடந்துகொண்டது.

என் வரிசை இதுதான்: சில்க்சாங் முதலில், ஜிடிஏ 6 அடுத்து, மெட்ராய்டு பிரைம் 4 மூன்றாவது, எல்லோரும் திட்டும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 நான்காவது. உலகமே கைதட்டிய அந்த 48 நிமிடம் கடைசி. ஆப்லிவியனை இதில் சேர்க்கவில்லை, பழைய வீட்டுக்குப் புது வண்ணம் அடித்ததை நான் அறிவிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. கணினியில் விளையாடுபவர் என்றால் இன்னொன்று: ஸ்டீமில் முன்பதிவு செய்ததை வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், வாங்கிய பிறகும் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். இணையப் பிரதி வரம்பில்லாமல் கிடைக்கும் பொருள். அது தீர்ந்துபோகும் என்று எவரும் பயப்பட வேண்டியதில்லை.

அந்த மலை டீசரை இன்னமும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன். அது எல்டர் ஸ்க்ரோல்ஸ் கற்பனை உலகின் எந்த நாடு, ஹேமர்ஃபெல்லா, ஹை ராக்கா என்ற பழைய சண்டை நண்பர்களிடையே முடியவில்லை. பாறைகளின் நிறத்தையும் கரையின் வளைவையும் பார்த்தால் ஹேமர்ஃபெல்தான் என்பது என் கட்சி.