பெயர் ஒன்றுதான், வாட் வேறு: 3060 லேப்டாப்போடு மூன்று வருடம்

2022-இல் லேப்டாப் தேடிய இரண்டு மாதமும் தலைக்குள் ஓடியது ஒரே எண்தான்: 3060. கேம் காட்சிகளை வரையும் என்விடியா கிராபிக்ஸ் சிப்பின் எண் அது. ரிச்சி தெருவில் இரண்டு மாடல் காட்டினார்கள். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 3060, இரண்டிலும் 6 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. ஆனால் ஒன்று பதினைந்தாயிரம் ரூபாய் குறைவு. ஏன் என்று கேட்டால், "மாடல் வேற சார், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

வாங்காமல் வீட்டுக்கு வந்து தோண்டியதில்தான் விஷயம் புரிந்தது. லேப்டாப்புக்கான 3060 சிப்பை 60 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். கூலிங்கில் சிக்கனம் பிடித்தால் சூடு தாங்காது, அதனால் மின்சாரத்தைக் குறைத்துவிடுவார்கள். வேகமும் குறையும், ஸ்டிக்கர் மட்டும் அதேதான். நான் அதுவரை வாரக்கணக்கில் பார்த்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) வீடியோக்களோ டெஸ்க்டாப் 3060-க்கானவை. அது 170 வாட், 12 ஜிபி. பெயர்ப் பொருத்தம் தவிர ஒரு பொருத்தமும் இல்லை!

மறுபடி போனபோது டெமோ லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்பர்மேஷனில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவரைப் பார்த்தேன். விலை அதிகமானதில் 115. அதையே வாங்கினேன்.

கோட்டை விட்டது மக்ஸ் ஸ்விட்ச் விஷயத்தில். கிராபிக்ஸ் சிப்பை நேராகத் திரையோடு இணைக்கும் ஸ்விட்ச் அது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது இல்லாத லேப்டாப்பில், கிராபிக்ஸ் சிப் வரைந்த ஒவ்வொரு பிரேமும், அதாவது ஒவ்வொரு படமும், புராசசரோடு வரும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். வேலரன்ட் மாதிரி வேகமான கேம் ஆடும்போது இந்தச் சுற்று நன்றாகவே தெரிகிறது. என்னுடையதில் எச்டிஎம்ஐ நேராக 3060-க்குப் போகிறது, வெளி மானிட்டரைச் செருகினால் நொடிக்கு வரும் பிரேம் ஏறுகிறது. வீட்டுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 144 முறை படம் மாற்றுவது) வந்த கதை இதுதான். மனைவியிடம் சொன்ன காரணம் வேறு.

இரண்டாவது கோடையில் ஃபேன் மிக்சி மாதிரி இரைந்தது. தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் 88 டிகிரி 79-க்கு இறங்கியது. சரி, அது பராமரிப்பு.

மூன்றாவது வருடம் இடிப்பது வாட் அல்ல, மெமரி. புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பு நுணுக்கம்) மீடியத்தில் வைத்தால்தான் 6 ஜிபிக்குள் அடங்குகிறது. உயர்த்தினால் காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது.

சித்தி மகன் இப்போது அடுத்த தலைமுறைச் சிப் உள்ள லேப்டாப்புகளை, 4050, 4060 என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். முன்னதில் அதே 6 ஜிபி, பின்னதில் 8. தினமும் இரண்டு லிங்க் அனுப்புகிறான். ஒவ்வொன்றிலும் வாட் எத்தனை என்று தேடுகிறேன். பாதிக்குமேல் போடவே இல்லை.