பழைய சாமுராய்க்கு 4.16 கியர்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குக் கொடுக்கும் பெட்டி) பழைய கியர்களை எடுத்துப் புதியவை போட்டு நான்கு வருடம் ஆகிறது. 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாற்றிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும். எது நிலைத்தது, எது உடைந்தது, எந்தச் செலவு வீண் என்பதை இப்போதுதான் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

வண்டி சுசுகி சாமுராய், சின்ன ஃபோர் வீல் டிரைவ் ஜீப். 1324 சிசி கார்புரேட்டர் இன்ஜின், ஐந்து கியர், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். என்னிடம் வரும்போதே முந்தைய உரிமையாளர் 235/75 ஆர்15 என்ற பெரிய அளவு டயர் போட்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கல் மேட்டில் ஒவ்வொரு முறையும் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியேதான் ஏற்ற வேண்டியிருந்தது. மேலே போய் நிறுத்தினால் கிளட்ச் கருகும் வாடை. இன்ஜினில் பலம் போதவில்லை, பெரிய இன்ஜின் வை என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் கையில் இருந்த பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் வரும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

சாமுராயின் முதல் கியர் விகிதம் 3.65. டிரான்ஸ்ஃபர் கேஸில் ரோட்டுக்கு ஹை, மெதுவாகப் பலத்தோடு ஏற லோ என்று இரண்டு நிலை; லோ 2.27. அச்சின் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் 3.73. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 31. அதாவது ஃபோர் வீல் லோவில் முதல் கியர் போட்டால், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் இன்ஜின் 31 சுற்று சுற்றிவிடும். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த 205/70 ஆர்15 டயரின் குறுக்களவு 66.8 சென்டிமீட்டர், என் டயரின் குறுக்களவு 73.4. டயர் பத்து சதவீதம் பெரிதானதால் அந்த 31 உண்மையில் 28 அளவுக்குத்தான் வேலை செய்தது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல், 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் வண்டி மணிக்கு 3.6 கிலோமீட்டர் போகும். கேட்க மெதுவாகத் தெரியலாம். முழங்கால் உயரக் கல்லின் மேல் முன் சக்கரத்தை ஏற்றி இறக்கும்போது அது அதிக வேகம். அந்த வேகத்தைக் குறைக்கத்தான் நான் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் பலம் இதில் பிரச்சினையே இல்லை.

கணக்கு புரிந்ததும் இரண்டு வழி தெரிந்தது. முதலாவது, சுசுகியின் இன்னொரு வண்டியான சைட்கிக்கின் 5.12 கிரவுன் பினியனை (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கியர் ஜோடி) இரண்டு அச்சிலும் போடுவது. பழைய உதிரி பாகமாகவே கிடைக்கும் என்பதால் சிக்கனமானது, பலரும் செய்வது. ஆனால் முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைக்கும். பல்லிடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து பொருத்தத் தெரிந்த கையும் வேண்டும். எல்லாவற்றையும் விட, டிஃபரன்ஷியலில் செய்யும் மாற்றம் ரோட்டிலும் கூடவே வரும். ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் 3,300 ஆர்பிஎம்முக்கு மேல் கத்த வேண்டியிருக்கும். இன்னும் பெரிய டயர் போடுகிறவர்களுக்கு அது சரி. தினமும் இதே வண்டியில் வேலைக்குப் போகிற எனக்குச் சரிவராது.

இரண்டாவது வழி, டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே உள்ள கியர்களை மட்டும் மாற்றுவது. 4.9, 6.5 என்றும் கியர் கிட்கள் உண்டு. நான் 4.16 எடுத்தேன். அதில் லோ 2.27-இலிருந்து 4.16 ஆகிறது, ஹை 1.41-இலிருந்து 1.58 ஆகிறது. ஹையில் கூடும் அந்த 12 சதவீதம், பெரிய டயர் தின்ற பத்து சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இப்போது சுமார் 2,700 ஆர்பிஎம். சின்ன டயரோடு வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததும் ஏறக்குறைய இதேதான். லோவில் மொத்த விகிதம் 31-இலிருந்து 56-க்கு மேல் போய்விட்டது. ஐட்லிங்கில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்.

சாமுராயில் ஒரு பெரிய வசதி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கும். கியர்பாக்ஸைத் தொடாமலே மூன்று ஷாஃப்டையும், கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டையும் கழற்றினால் கேஸ் மட்டும் தனியாகக் கையில் வந்துவிடும். தரையில் படுத்தபடி ஒரு நண்பரின் உதவியோடு இறக்கினேன். பிரித்து, கழுவி, கியர் மாற்றி, மறுபடி ஏற்ற இரண்டு வார இறுதிகள் ஆயின. பட்டறைக் கூலி மிச்சமானதால்தான் கிட் வாங்கவே முடிந்தது.

மொத்தச் செலவை நூறு பங்காகப் பிரித்தால் கிட் அறுபது. பேரிங்கும் சீலும் பதினைந்து. ஷாஃப்ட் மூட்டுகளில் உள்ள யுனிவர்சல் கிராஸ் பத்து. மீதி எண்ணெய், கிளீனர், சில்லறைச் சாமான். இந்தப் பேரிங் பங்கில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். கேஸைப் பிரித்தபோது பழைய பேரிங்குகளை விரலால் சுற்றிப் பார்த்தேன். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. சரி, இரண்டை மாற்றுவோம், மீதி இருக்கட்டும் என்று விட்டேன். ஐந்தாவது மாதம் ஹையில் ஒரு ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. மறுபடி முழுதாக இறக்கி, மறுபடி பிரித்து, எல்லாப் பேரிங்கும் போட்டு ஏற்றினேன். கேஸ்கெட், எண்ணெய், இன்னொரு வார இறுதி எல்லாம் இரண்டாவது முறை. கேஸைத் திறந்தால் எல்லாப் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் பணம் சேரும்வரை திறக்காமல் காத்திருங்கள்.

எண்ணெய்க் கசிவும் அப்படித்தான். புது சீல் போட்டும், ஷாஃப்ட் மாட்டும் பின் ஃபிளாஞ்சில் சொட்டியது. வருடக்கணக்காகப் பழைய சீலின் உதடு உரசி ஃபிளாஞ்சில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. புது சீலின் உதடும் சரியாக அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தது. இரண்டாவது முறை சீலை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அடித்து, உதடு பள்ளம் இல்லாத இடத்தில் படும்படி செய்தேன். அப்புறம் இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

ஓட்டும் விதமே மாறிவிட்டது. மேட்டின் அடியில் லோவில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை முழுவதும் விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரில் பாதத்தை லேசாக வைத்தால் போதும், வண்டி நடந்தே ஏறுகிறது. டயர் எந்தக் கல்லில் எப்படிப் பிடிக்கிறது என்பது ஸ்டீயரிங்கில் தெரிகிறது. முன்பு ஒரு வேகம் எடுத்து மோதித்தான் ஏற வேண்டும். வழுக்கினால் வண்டி குதிக்கும். இறக்கத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். செங்குத்தான மண் சரிவில் பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே பிடித்து இறக்குகிறது. பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் இடங்களில் இது எனக்குப் பெரிய நிம்மதி. வேலை செய்த அன்று வண்டியில் இருந்த கிளட்ச் தட்டுதான் இன்னும் ஓடுகிறது.

ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் பக்கத்தில் மாட்டியிருப்பதால் கியர் கிட் அதைப் பாதிக்காது, டயர்தான் பாதிக்கும். 60 காட்டும்போது உண்மையில் 66 போகிறோம் என்பதை மனதில் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

இனி உடைந்தவை. பதினோராவது மாதம் டிரான்ஸ்ஃபர் கேஸின் நீளமான கையில் உள்ள மவுண்ட் ரப்பர் கிழிந்தது. கேஸை விட்டு வெளியே வரும் முறுக்கு விசை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விசை கேஸையே திருப்பப் பார்க்கும். ரப்பர்தான் முதலில் போகும். லோவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் தளத்துக்குக் கீழே ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால் இதுதான் காரணம். புது ரப்பரோடு, ஒரு லேத் பட்டறையில் ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் கை ஒன்றும் செய்து மாட்டினேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது வருடம் வலது முன் அச்சின் வெளி ஜாயின்ட் உடைந்தது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு கல்லுக்கு எதிராக ரிவர்ஸ் எடுத்தபோது நடந்தது. அந்தக் கோணத்தில்தான் இந்த ஜாயின்ட் மிகப் பலவீனம். உடைந்த துண்டுகள் உள்ளே சிக்கி ஸ்டீயரிங்கைப் பூட்டலாம் என்பதால் அங்கேயே அச்சை உருவி எடுத்தேன். டிஃபரன்ஷியல் எண்ணெய் வழியாமல் துணி திணித்து, மறுபக்கச் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பை விடுவித்து, பின் சக்கரங்களை மட்டும் வைத்து வீடு வந்தேன். அதற்குப் பிறகு பாரம் ஏறும் நேரத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிப்பதில்லை. பழைய ஜாயின்ட் ஒன்று எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டு பின் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும்படி பின் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடு, செலவே இல்லை என்றும் ஒரு யோசனை வந்தது. காட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். ஈரமான ரோட்டில் வளைவு எடுக்க வேண்டிய வண்டிக்கு நான் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் டயர் காற்றை 26 பிஎஸ்ஐயிலிருந்து 15-க்கு இறக்கிப் பாருங்கள். லாக்கர் (டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவி) இல்லாமல் ஏறாது என்று நான் நினைத்த இரண்டு இடங்களில் ஏறியது. திரும்பி ரோட்டுக்கு வரும்போது காற்றடிக்க ஒரு சின்ன பம்ப் இருந்தால் போதும்.

குறை என்றால் சத்தம். ஹையில் 60-க்கும் 70-க்கும் நடுவே கியர் ஒரு மெல்லிய விசில் அடிக்கிறது. பேரிங் எல்லாம் புதிதாக்கியும் அது போகவில்லை. கியரின் இயல்பு என்று விட்டுவிட்டேன். கூட உட்காருகிறவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது.

போன மாதம் எண்ணெய் மாற்றினேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல மெல்லிய பூச்சுதான் இருந்தது, துகள் ஒன்றும் இல்லை. துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, போல்ட்டை இறுக்கிவிட்டேன்.