ஸ்மார்ட் பிலிம்: கல்முனை நானாவின் கைவேலை பற்றி

மட்டக்களப்பு திருமலை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை சோதிக்கும் அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குத்தான் ஸ்மார்ட் பிலிம் போட்டேன். சுவிட்சைப் போட்டால் தெளியும், நிறுத்தினால் பால் வெள்ளையாக மங்கும். ஒட்டியவர் கல்முனையில் கண்ணாடி, அலுமினிய வேலை செய்யும் ஒரு நானா. ஒரு மாரி முழுதாகக் கடந்த பிறகு எழுதுகிறேன். மழைக்காலம் பார்க்காத பிலிமைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிலிம், என்ன விலை என்று அலைவதைவிட நல்ல கை ஒன்றைத் தேடுங்கள்.

ஊரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்பே இதைப் போட்டிருந்தார்கள். வாகனத்துக்கு டின்ட் ஒட்டும் பழக்கத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து, வழுக்கி நகர்த்தி ஒட்டிய வேலை. டின்டுக்கு அது சரியான முறைதான், இதற்குச் சரிவராது. அடுத்த மாரி முடிவதற்குள் கீழ் ஓரம் விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே நின்றுவிட்டது. கரண்ட் கொடுத்தாலும் தெளியவில்லை. நடுவில் அங்கங்கே தூசிக் குமிழ்கள். பிலிம் மோசம் என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தப் பிலிமுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தால் காரணம் புரியும். இரண்டு பொலியெஸ்டர் தாள்கள். அவற்றின் உட்பக்கத்தில் இந்தியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒட்சைட்டுப் பூச்சு. கண்ணுக்குத் தெரியாது, மின்னைக் கடத்தும். நடுவே பல்பகுதியத்துக்குள் (பொலிமர்) சிதறிக் கிடக்கும் திரவப் பளிங்குத் (liquid crystal) துளிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீற்றர். கரண்ட் இல்லாதபோது துளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும், ஒளி சிதறும். 60 வோல்ட் அளவில் ஆடலோட்டம் (ஏசி கரண்ட்) கொடுத்தால் உள்ளே உள்ள மூலக்கூறுகள் ஒரே பக்கம் நிமிரும். துளியின் முறிவுச் சுட்டியும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுற்றியுள்ள பல்பகுதியத்தின் முறிவுச் சுட்டியும் அப்போது பொருந்திவிடுவதால் ஒளி நேரே போய்விடும். பிலிமை அளவுக்கு வெட்டும்போது இந்த அடுக்குகளின் ஓரம் திறந்தபடி நிற்கிறது. தண்ணீர் உள்ளே போவது அந்த வழியால்தான். வாவிக்காற்று படும் ஊரில் அந்த ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் பிறகு என்ன எதிர்பார்க்க முடியும்?

நானா முதல் தடவை வந்தபோது அளவு நாடாவை வெளியில் எடுக்கவே இல்லை. டோர்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் சரித்துப் பிடித்து, மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டிப் பார்த்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத சிமெந்துப் புள்ளிகளும் பழைய ஸ்டிக்கர் பசையும் அப்படியே எழும்பித் தெரிந்தன. லென்ஸில் கீறல் பார்க்க நானும் இப்படித்தான் சரித்துப் பிடிப்பேன். வேலை இவருக்குத்தான் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"கச்சான் வீசுற நேரம் தூசி, மாரியில ஈரம். கச்சான் காலத்துல விடியக்காலையில, காத்து எழும்ப முதல் செய்வம் தம்பி" என்றார். கச்சான் என்பது மாரிக்கு முன் வீசும் வறண்ட காற்று. ஆவணியில் ஒரு காலை, கடைத்தெரு திறக்க முன்பே வேலை தொடங்கியது. ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, நெற்றியில் துவாய்த்துண்டு கட்டிக்கொண்டார். பசைப்பக்கத்தில் ஒரு துளி வியர்வை விழுந்தாலும் அது அங்கேயே நிற்கும் என்றார். அந்தப் புழுக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூச்சு முட்டியது.

கண்ணாடியைத் துடைத்ததில்தான் பாதி நேரம் போனது. முதலில் பிளேட்டால் சுரண்டல், பிறகு நூல் பிரியாத துணியில் அல்கஹோல், பிறகு திரும்பவும் டோர்ச். சட்டத்தின் மூலைகளைத் தனியாக ஒரு தூரிகையால் குடைந்தார். பிலிம் தடித்தது, டின்ட் போல வளைந்து கொடுக்காது. ஒரு மணல் உள்ளே மாட்டினால் அதைச் சுற்றிப் பிலிம் கூடாரம் போலத் தூக்கி நிற்கும். மணலைவிடப் பல மடங்கு பெரிய வளையம் தெரியும்.

ஒட்டும் முன் பிலிமுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். இதை எல்லாரும் கேட்டு வாங்குங்கள். ஒட்டிய பிறகு குறை தெரிந்தால், உரித்தெடுக்கும்போது பிலிம் பாழாகிவிடும். சோதித்த பிறகு மேல் ஓரத்தைப் பிடிப்பித்து, பின்தாளை உள்ளங்கை அகலம் மட்டும் உரிப்பார், கம்பளித்துணி சுற்றிய தட்டையால் நடுவிலிருந்து பக்கங்களுக்குத் தள்ளுவார், பிறகு இன்னும் உள்ளங்கை அகலம். அடுத்த முனையைத் தாங்கிய பெடியனிடம் "மகன், விரலை ஊண்டிராத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுத்தி ஊன்றினாலோ மடித்தாலோ அந்த இடத்தில் அடுக்கு நசுங்கி நிரந்தரமாக ஒரு தழும்பு விழும். இரண்டு மின்பூச்சுகளும் தொட்டுக்கொண்டால் கருகிய புள்ளியும் வரலாம்.

ஓர வேலைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். சட்டத்தில் முட்டாமல் சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு இடைவெளி விட்டார். பிலிமுக்குக் கரண்ட் கொண்டுவரும் செப்புப்பட்டியும் வயரும் மேல் ஓரத்தில், நிலம் கழுவும் தண்ணீர் எட்டாத இடத்தில். அடைக்க எடுத்த சிலிக்கன் வினாகிரி மணக்காத வகை. அப்படி மணக்கும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலம் விடும், அது செப்பையும் மின்பூச்சையும் அரிக்கும். வேறு யாரைக் கூப்பிட்டாலும் சிலிக்கன் குழாயைத் திறக்கச் சொல்லி மணந்து பாருங்கள்.

மாரி போய்விட்டது. ஓரம் நாலு பக்கமும் சுத்தமாகத் தெளிகிறது.

குறைகளும் உண்டு. மின்மாற்றியைச் சீலிங்குக்கு மேலே காற்றுப்போகாத இடத்தில் வைத்திருந்தார். சோதனை அறையின் அமைதியில் அதன் ரீங்காரம் கேட்டது. சொன்னதும் வந்து கடைப்பக்கம் மாற்றித் தந்தார், ஆனால் அது முதலே யோசித்திருக்க வேண்டிய விஷயம். உத்தரவாதம் எழுத்தில் தரவில்லை. கூலி மற்றவர்கள் கேட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. இடது மேல் மூலையில் ஊசிமுனை அளவு ஒரு தூசி இருக்கிறது. நானாவே காட்டி, வேண்டுமென்றால் புதுப் பிலிம் போடுகிறேன் என்றார். அந்த ஒரு புள்ளிக்காக முழுத் தாளையும் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

தெளிந்திருக்கும்போதும் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இலேசான புகை தெரியும். நேர்ப்பார்வைக்குத்தான் முறிவுச் சுட்டிகள் சரியாகப் பொருந்தும். அதை ஒட்டியவர் தலையில் கட்டாதீர்கள். மங்கியிருக்கும்போது உள்ளே இருட்டாகும் என்றும் நினைக்க வேண்டாம். ஒளி சிதறுமே தவிரப் பெரும்பகுதி உள்ளே வரத்தான் செய்யும். இருட்டு வேண்டிய சோதனைகளுக்கு நான் திரைச்சீலையும் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் கண்ணாடி தானாக மங்கும். சோதனை அறைக்கு அது நல்லதே.

துடைக்கும்போது நேரே ஸ்பிரே அடிக்காமல் துணியை இலேசாக நனைத்து, ஓரத்தைத் தொடாமல் துடைக்கிறோம். கடைப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

நானா கார்த்திகை, மார்கழியில் இந்த வேலை எடுப்பதில்லை. பெயின்ட், டைல்ஸ் வேலை நடக்கும் கட்டடத்துக்கும் வரமாட்டார். மாரி முடிந்த பிறகு கேளுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள மேசன் வேலையை அதற்குள் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.