பஸ்கா மேசைக்கு எதை வாங்கலாம்: மஞ்சள் மூடி கோக் முதல் கின்வா வரை

பஸ்கா நெருங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு வரிசை முழுவதும் யூதர்களின் பண்டிகைச் சாமான்களுக்கே ஒதுங்கிவிடும். அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ செடர் என்ற பஸ்கா இரவு விருந்துக்குக் கூப்பிட்டிருப்பார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நாமும் அந்த வரிசையில் போய் நிற்போம். எதைக் கையில் எடுத்தாலும் கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு ஏற்றது, என்று போட்டிருக்கும். ஏதோ ஒன்றை எடுத்துப் போனால், அது மேசைக்கு வராமலே மூலையில் உட்கார்ந்துவிட வாய்ப்பு அதிகம். வருடம் முழுவதும் கோஷராக இருக்கும் பொருள் பஸ்கா வாரத்தில் ஆகாததாகிவிடலாம். பஸ்காவுக்கு ஆகும் பொருளையே ஒரு யூத வீட்டில் சாப்பிடுவார்கள், அடுத்த யூத வீட்டில் தொட மாட்டார்கள். எது நல்ல பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால் யார் வீட்டுக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிப்படை விதி இதுதான். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் எதன் மாவாவது தண்ணீர் பட்டு, 18 நிமிடத்துக்குள் சுடப்படாவிட்டால் அது புளித்ததாகக் கணக்கு. அதற்கு ஹமேட்ஸ் என்று பெயர். இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு 8 நாள், அதைச் சாப்பிடவும் கூடாது, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. பாத்திரங்கள்கூட தனி. பத்து, மடி பார்த்த பாட்டியோடு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சமையலறை சட்டென்று பிடிபட்டுவிடும்.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி யூதர்கள் அரிசி, சோளம், பருப்பு, பயறு, கடுகு, எள் எல்லாவற்றையும் பஸ்காவில் தவிர்ப்பது வழக்கம். இவை ஹமேட்ஸ் அல்ல. கிட்னியோட் என்ற தனி வகை. தானியங்களோடு கலந்துவிடும், மாவாக்கினால் வித்தியாசம் தெரியாது என்ற எச்சரிக்கையில் பிறந்த வழக்கம் இது. 13ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்த செபார்டி, மிஸ்ராஹி யூதர்களில் பெரும்பாலானோர் இவற்றைச் சாப்பிடுவார்கள். அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் பிரிவும் 2015 கடைசியில் கிட்னியோட்டை அனுமதித்துவிட்டது. நம் அஞ்சறைப் பெட்டியையும் பருப்பு டப்பாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அஷ்கனாசி வீட்டில் நமக்குச் சமையலே ஓடாது என்று தோன்றும்.

கடையில் உதவுவது முத்திரைதான். வட்டத்துக்குள் யு என்ற எழுத்து மட்டும் இருந்தால் சாதாரண கோஷர். அதன் பக்கத்தில் பி என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் பஸ்காவுக்கும் ஆகும். ஸ்டார்-கே போன்று கோஷர் சான்று தரும் மற்ற அமைப்புகளும் இதே போல் பி சேர்க்கின்றன. இஸ்ரேலிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: "பஸ்காவுக்குக் கோஷர், கிட்னியோட் உண்பவர்களுக்கு மட்டும்" என்று ஹீப்ருவில் பொடி எழுத்தில் இருக்கலாம். அஷ்கனாசி வீட்டுக்கு அது வேண்டாம்.

மூன்று கோக்குகள்

அமெரிக்காவில் சாதாரண கோக்கும் கோஷர்தான். ஆனால் 1980களில் அங்கே சர்க்கரைக்குப் பதில் சோளப் பாகுக்கு மாறினார்கள். சோளம் கிட்னியோட் என்பதால் அஷ்கனாசி வீட்டுப் பஸ்காவில் அதற்கு இடமில்லை. அதனால் பண்டிகைக்கு முன் சில வாரங்கள் மட்டும் சர்க்கரை போட்ட கோக் மஞ்சள் மூடியோடு 2 லிட்டர் பாட்டில்களில் வருகிறது. யூதர் அல்லாத கோக் பிரியர்களும் இதைத் தேடி வாங்கிப் பதுக்குவார்கள் என்பது ஊரறிந்த கதை.

இந்தக் கதையின் தொடக்கம் அட்லாண்டாவில். கோகா கோலாவின் தலைமையகம் இருக்கும் அதே ஊரில் ரப்பியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்தவர் டோபியாஸ் கெஃபன். கோக் கோஷரா என்று ஊர் ஊராகக் கேள்வி வர, ரகசியத்தைக் காப்பதாக ஒப்புக்கொண்டு சேர்மானப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். இரண்டு பிரச்சினைகள் தெரிந்தன: மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின், தானியத்திலிருந்து எடுத்த ஆல்கஹால். நிறுவனம் கிளிசரினைத் தாவர எண்ணெய்க்கு மாற்றியது. பஸ்கா காலத்துக்கு ஆல்கஹாலின் மூலத்தையும் மாற்றியது. 1935இல் கெஃபன் அனுமதித் தீர்ப்பை எழுதினார். ஒரு பானத்தின் சூத்திரம் ஒரு ரப்பியின் கேள்விக்காக மாறியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது போட்டியாளர் மெக்சிகோ கோக். கண்ணாடி பாட்டில், கரும்புச் சர்க்கரை. சர்க்கரைதானே போட்டிருக்கிறது, அப்புறம் என்ன என்று அதை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கூடாது. பஸ்கா முத்திரை இல்லாவிட்டால் கணக்கில் வராது. சர்க்கரை என்பது ஒரு சேர்மானம் மட்டுமே, மற்றவற்றை யாரும் பார்த்துச் சான்று கொடுக்கவில்லை. ருசிக்கு மெக்சிகோ கோக்குக்கே என் ஓட்டு. செடருக்கு மஞ்சள் மூடிதான், அதுவும் மூடியில் பி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகு.

சுவையூட்டாத சோடா நீர், குடிநீர் பாட்டில் இவற்றுக்குத் தனி முத்திரை தேவையில்லை. எலுமிச்சை, பெர்ரி என்று வாசனை சேர்த்தால் தேவை. குழப்பமே வேண்டாம் என்றால் வெறும் சோடா நீர்.

ஒயினில் கவனிக்க வேண்டியது வேறு

செடரில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் குடிக்க வேண்டும். ஒரு கிண்ணத்தின் குறைந்தபட்ச அளவு சிலர் கணக்கில் சுமார் 86 மில்லி, கறாரானவர்கள் கணக்கில் சுமார் 150 மில்லி. ஆகவே பாட்டில்கள் சீக்கிரம் காலியாகும். ஒயின் நல்ல பரிசு.

பழைய தலைமுறையின் தேர்வு மானிஷெவிட்ஸ் கான்கார்ட். பாகு போல் இனிக்கும். அதில் ஒரு பொறி உண்டு: வருடம் முழுக்க விற்கும் பாட்டிலில் சோளப் பாகு இருக்கும், பஸ்காவுக்கு வருவது சர்க்கரை சேர்த்தது. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருப்பதால் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். நேர்மையாகச் சொன்னால், ஏக்கத்துக்காகக் குடிக்கலாம், சாப்பாட்டோடு சேராது. நீல பாட்டிலில் வரும் பார்ட்டெனுரா மொஸ்காட்டோ இத்தாலியது. இனிப்பு, லேசான நுரை, ஆல்கஹால் குறைவு. ஒயின் பழக்கமில்லாதவர்கள் நிறைய இருக்கும் மேசையில் இது எடுபடும். கோலன் குன்றுகளிலிருந்து வரும் யார்டன் போன்ற இஸ்ரேலிய உலர் ஒயின்கள்தான் சாப்பாட்டோடு உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

ஆனால் நம்மைப் போன்ற யூதரல்லாத விருந்தாளிகள் கவனிக்க வேண்டியது ருசியை அல்ல, மெவூஷல் என்ற ஒரு சொல்லை. கடைப்பிடிப்பு உள்ள வீடுகளில், திறந்த கோஷர் ஒயினை யூதரல்லாதவர் எடுத்து ஊற்றினால் அது குடிக்க ஆகாது. சூடாக்கிய ஒயினுக்கு இந்தத் தடை இல்லை. இப்போதெல்லாம் சில நொடிகள் வேகமாகச் சூடேற்றி உடனே குளிர வைக்கிறார்கள், அதுதான் மெவூஷல். யார்டன் பொதுவாக மெவூஷல் அல்ல. நீங்கள் அன்போடு பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக்காரர் சங்கடத்தில் நெளிவதைப் பார்க்க வேண்டாம். பின் லேபிளில் மெவூஷல் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு நல்ல பாட்டில்களுக்கு நடுவில் தடுமாறினால் இதுவே தீர்மானிக்கட்டும்.

குடிக்காதவர்களுக்குக் கெடெம் திராட்சைச் சாறு. நான்கு கிண்ணத்துக்கும் அது செல்லும், குழந்தைகளும் பெரியவர்களும் குடிப்பார்கள். பரிசாக இரண்டு பாட்டில் சாறு கொண்டுபோவது மலிவாகத் தோன்றலாம், ஆனால் எப்போதும் தீர்ந்துபோவது அதுதான்.

பீரும் விஸ்கியும் தானியத்தில் செய்பவை, நினைத்தே பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் நல்ல விஸ்கியை என்ன செய்வார்கள்? ரப்பி மூலம் யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடுமையாக ஏதாவது வேண்டும் என்றால் பஸ்கா முத்திரை உள்ள பிளம் பிராந்தி, ஸ்லிவோவிட்ஸ். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய பஸ்கா சாராயம் அது, தொண்டை எரியும்.

மட்சா: கையா, இயந்திரமா

மட்சா என்ற புளிப்பில்லா அப்பத்தில் இரண்டு கட்சி. வட்டமாக, ஓரம் கருகி, சமமில்லாமல் இருப்பது கையால் செய்த ஷ்முரா மட்சா. கோதுமையை அறுவடையிலிருந்தே ஈரம் படாமல் காவல் காத்துச் செய்வது. பவுண்டுக்கு 20 டாலரைத் தாண்டுவது சாதாரணம். சதுரமாக, வரிசை வரிசையாகத் துளை போட்டிருப்பது இயந்திர மட்சா. இயந்திரம் வந்தது 1838இல், பிரான்ஸில். மானிஷெவிட்ஸ் 1888இல் சின்சினாட்டியில் தொடங்கியது. ஸ்ட்ரீட்ஸ் 1925இலிருந்து மன்ஹாட்டனின் ரிவிங்டன் தெருவில் சுட்டு, 2015இல் அந்தத் தொழிற்சாலையை மூடி ஊருக்கு வெளியே போனது. ஐந்து பவுண்டு இயந்திர மட்சாக் கட்டு ஒன்றைச் சில கடைகள் பெரிய பில்லுக்கு இலவசமாகவே கொடுக்கும்.

செடர் இரவின் சடங்குக்கு ஷ்முரா, மற்ற நாட்களுக்கு இயந்திரம் என்று இரண்டையும் வாங்கும் வீடுகள் அதிகம். இயந்திர மட்சாக்களில் எனக்குப் பிடித்தது ஜெருசலேமிலிருந்து வரும் யெஹுதா, மொறுமொறுப்பு கூடுதல். விருந்தாளி மட்சா கொண்டுபோக வேண்டியதில்லை, வீட்டில் மலையாகக் குவிந்திருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள்: மட்சா என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே "பஸ்காவுக்கு அல்ல" என்று எழுதிய பெட்டிகளும் அதே கடையில் உண்டு. முட்டை மட்சாவை அஷ்கனாசி வழக்கத்தில் முதியவர்கள், நோயாளிகள் தவிர மற்றவர்கள் பஸ்காவில் தவிர்ப்பார்கள்.

அரிசியா, கின்வாவா, மற்ற மளிகை

செபார்டி வீடு என்றால் அரிசி. முத்துமுத்தாகப் பரப்பி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைப்பது அவர்களில் பலருக்கு வழக்கம். அஷ்கனாசி வீடு என்றால் அந்த இடத்தைப் பிடித்திருப்பது கின்வா. ஆண்டீஸ் மலைகளிலிருந்து வரும், தானியம் போலச் சமைக்கும் அந்த விதை புல் வகையும் அல்ல, பருப்பு வகையும் அல்ல. வட்டத்துக்குள் யு முத்திரைக்குச் சொந்தமான அமைப்பு பல ஆண்டு தயங்கிவிட்டு 2013 கடைசியில்தான் அதை ஏற்றது, அதுவும் பஸ்கா முத்திரை இருந்தால் மட்டும். கோதுமையோடு கலந்துவிடக் கூடாது என்ற அதே கவலை. வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால் முத்திரையுள்ள கின்வா இரண்டு பக்கமும் செல்லும்.

எண்ணெயில் சோயா, சோளம், கனோலா மூன்றும் அஷ்கனாசிகளுக்கு ஆகாது. பஸ்காவின் பழைய எண்ணெய் பருத்திக்கொட்டை எண்ணெய்; மலிவு, பொரிக்க நன்றாக இருக்கும், மணமில்லை. அதை விட முத்திரையுள்ள ஆலிவ் எண்ணெயைப் பரிசாகத் தரலாம், பண்டிகை முடிந்தும் பயன்படும்.

மாவுக்குப் பதில் மட்சாப் பொடியும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும். கேக்குக்கு இரண்டும் கலந்தால்தான் பதம் வரும். யூதர்களில் கறாரான பிரிவான ஹசீதியர் வீடுகளில் பெரும்பாலும் மட்சாவை ஈரத்தில் நனைக்கவே மாட்டார்கள். அங்கே மட்சா உருண்டை சூப்புக்கும் இடமில்லை, ஸ்டார்ச் மட்டும்தான்.

சின்னச் சின்ன சாமான்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அயோடின் உப்பில் சோளத்திலிருந்து எடுத்த டெக்ஸ்ட்ரோஸ் இருக்கலாம், அயோடின் சேராத உப்பு நல்லது. வெள்ளைச் சர்க்கரை சரி, தூள் சர்க்கரையில் சோள மாவு. பேக்கிங் சோடா சரி, பேக்கிங் பவுடரில் மறுபடி சோள மாவு. வெறும் காபித்தூளும் தேயிலையும் பிரச்சினையில்லை. கஃபீன் நீக்கியவற்றுக்கு முத்திரை பார்க்க வேண்டும். வெள்ளை வினிகர் தானியத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். நம் பக்கத்திலிருந்து ஒன்று: கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். வெறும் உருளைக்கிழங்குப் பொரியல்தானே என்று ஒரு சிட்டிகை போட்டு எடுத்துப் போனால் அது நேரடியாக ஹமேட்ஸ். பெருங்காயமே போடாவிட்டாலும், கடைப்பிடிப்புள்ள வீட்டுக்கு நம் சமையலறையில் செய்த எதையும் கொண்டுபோக வேண்டாம். பாத்திரமே அவர்களுக்குப் பிரச்சினை.

சாக்லேட் வாங்கினால் பால் சேராததா என்றும் பாருங்கள். செடர் விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், அதற்குப் பிறகு பால் பொருள் கூடாது. வீட்டுக்காரர் எந்த வகை என்று கேட்கவும் கூச்சமாக இருந்தால், பி முத்திரையும் மெவூஷல் என்ற சொல்லும் உள்ள, மூடி உடைக்காத ஒரு ஒயின். அதுவும் வேண்டாம் என்றால் முழுப் பழங்கள்: ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. நறுக்காத புதுப் பழத்துக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.